தலையெழுத்தா, தலைக்காயமா?



நம் நாட்டில் ஏழைக்கென்றே சில சொற்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றிலே ஒன்று "தலையெழுத்து." மாளிகை வீட்டுப் பிள்ளை மாடிப்படியில் தவறி விழுந்தால், "எடு காரை, கூப்பிடு டாக்டரை!" என்பார்கள். கூலிக்காரன் பிள்ளை சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்து கிடந்தால், "என்ன செய்வது, அவன் தலையெழுத்து!" என்பார்கள். இருவர் மண்டையும் ஒரே எலும்பு. இருவர் மூளையும் ஒரே சதை. ஆனால் ஒருவனுக்கு மருத்துவம், மற்றவனுக்கு வேதாந்தம்! இந்த ஓரவஞ்சனையைப் பற்றியும், இதை உடைக்க விஞ்ஞானம் இன்று எடுத்திருக்கும் புதிய கருவி ஒன்றைப் பற்றியும் பேசுவோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றுப் பக்கம் இருக்கிறது குடிகாடு. குடியானவன் காட்டைத் திருத்திக் குடியேறிய இடம் என்பதைப் பெயரே சொல்லும். இன்று அங்கே ஓங்கி நிற்பவை மரங்கள் அல்ல. சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஷிப்டுக்குப் போகிறார்கள். கண் எரிய, கால் வலிக்கத் திரும்புகிறார்கள். அதே சாலையில் டாங்கர் லாரி ஓடுகிறது; பஸ் பறக்கிறது; மாடும் குறுக்கே வருகிறது.

இரவு ஷிப்டு முடித்த ஒரு காண்டிராக்ட் தொழிலாளி லாரி இடித்துச் சாலையில் விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 வருகிறது. கடலூர் ஆஸ்பத்திரி, பிறகு புதுச்சேரி ஜிப்மர். மண்டையைத் திறந்து உறைந்த இரத்தத்தை எடுக்கிறார்கள். உயிர் பிழைக்கிறது. இரண்டு வாரத்தில் கண்ணும் திறக்கிறது. மனைவி ஓடிவந்து பெயர் சொல்லி அழைக்கிறாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய் இருக்கிறது, பேச்சு இல்லை. "எல்லாம் முடிந்தது, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளம்மா" என்கிறார் ஊர்ப் பெரியவர்.

முடிந்ததா? அதுதான் கேள்வி!

கண் திறந்தால் போதுமா?

மூளையில் அடிபட்டவனின் நிலையை அளக்க மருத்துவ உலகில் ஒரு கணக்கு உண்டு. 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் வகுத்தது. கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை கால் அசைக்கிறானா என்று மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 3, நிறைந்தது 15. 8-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். தலையிலே பிரமன் எழுதினான் என்பார்களே, அதை எவரும் படித்ததில்லை. இந்த எழுத்தையோ கேஸ் ஷீட்டில் யாரும் படிக்கலாம். அது மாறும். இன்று 6, அடுத்த வாரம் 9. மாறாத எழுத்து என்று உடம்பிலே எதுவும் இல்லை!

கண் மூடிய கோமா பெரும்பாலும் சில வாரங்களுக்குமேல் நீடிப்பதில்லை. அதன்பின் சிலர் கண் திறப்பார்கள், தூங்குவார்கள், விழிப்பார்கள், ஆனால் சுற்றிலும் நடப்பதை அறிந்ததாக எந்த அடையாளமும் தெரியாது. வேறு சிலரிடம் அறிவு மின்மினிபோல் வந்து வந்து போகும். ஒருநாள் கண்ணாடியைக் கண்ணால் தொடர்வார், மறுநாள் தொடரமாட்டார். காலையில் "கையைத் தூக்கு" என்றால் தூக்குவார், மாலையில் மாட்டார். முதலாவதை விழித்தும் உணர்வற்ற நிலை என்றும், இரண்டாவதைச் சிற்றுணர்வு நிலை என்றும் சொல்லலாம். இரண்டும் வேறு, பிழைத்தெழும் வாய்ப்பும் வேறு.

இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. 2009-ல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். "உணர்வே இல்லை" என்று கட்டிலருகே நின்று பார்த்துச் சொல்லப்பட்ட நோயாளிகளை, முறையான சோதனைப் பட்டியல் வைத்து மறுபடி பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு உணர்வின் அடையாளம் இருந்தது! டாக்டர்கள் அயோக்கியர்கள் என்பதல்ல இதன் பொருள். அவசரப் பார்வை ஏமாற்றும் என்பதே பொருள்.

இன்னும் கேளுங்கள். 2005-ல் இங்கிலாந்தில் சாலை விபத்தில் மூளை அடிபட்டவர் 23 வயது இளம்பெண் ஒருவர். ஐந்து மாதம் கழித்தும் எந்தக் குரலுக்கும் பதில் இல்லை. ஏட்ரியன் ஓவன் என்ற ஆராய்ச்சியாளர் அவரை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார். பிறகு "உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள்" என்றார். நல்ல உடம்போடு இருப்பவர் நினைத்தால் மூளையில் எந்தெந்த இடம் கிளருமோ, அந்தந்த இடம் கிளர்ந்தது. 2006-ல் இது வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. 2024-ல் வெளியான பெரிய ஆய்விலே, கட்டளைக்குப் பதில் தராத 241 நோயாளிகளில் 60 பேர் மூளைக்குள்ளே பதில் தந்தார்கள். நாலில் ஒருவர்! காது கேட்கிறது, கருத்து புரிகிறது, கைதான் வரவில்லை. அப்படிப்பட்டவன் தலைமாட்டில் நின்று, "இவன் இருந்து என்ன பயன்" என்று பேசுகிறோமே, எத்தனை பெரிய கொடுமை!

நெய்வேலியும் ஃபாரடேயும்

உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருந்தால், வெளியிலிருந்து ஊதிவிட முடியாதா? மண்டையைத் திறக்காமல், கத்தி வைக்காமல், மூளையைத் தட்டி எழுப்ப முடியாதா? இதுதான் விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி.

மூளை என்பது மந்திரப் பெட்டி அல்ல. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சிறுசிறு மின் துடிப்புகளால் செய்தி அனுப்பும் தந்தி ஆபீஸ் அது. பலத்த அடி விழுந்தால் சில அணுக்கள் சாகின்றன. இன்னும் பல, சாகாமல் சோர்ந்து கிடக்கின்றன. கம்பி அறுந்த இடம் வேறு, மின்சாரம் குறைந்த இடம் வேறு அல்லவா? இரண்டாவதுக்குத்தான் இந்த முயற்சி.

1831-ல் இங்கிலாந்திலே மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டார். காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்ற உண்மை. ஃபாரடே யார்? ஜமீன்தார் மகனா? இல்லை. கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்ற தொழிலாளி! நம் மாவட்டத்து நெய்வேலியில் நிலக்கரி எரிந்து, நீராவி சுழன்று, ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறதே, அதற்கு அடிப்படை அந்தத் தொழிலாளி கண்ட உண்மைதான்.

அதே உண்மையை 1985-ல் ஷெஃபீல்டு நகரத்தில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவினரும் தலைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பிச்சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்தார்கள். அதில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பலத்த மின்சாரம் பாய்ந்து மறையும். உடனே காந்தப்புலம் தோல், எலும்பு எல்லாம் கடந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். மூளையில் கைக்குரிய இடத்துக்கு நேராக வைத்தால் கைவிரல் தானாகத் துடிக்கும்! வெட்டு இல்லை, தையல் இல்லை.

இன்னொரு முறை இதைவிட எளியது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் தகடுகளைத் தலையில் வைத்து, பாட்டரியிலிருந்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துவது. பழைய டார்ச் லைட் பல்பு இழுக்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குதான் இது. அணுக்களை இது அடித்து எழுப்புவதில்லை; எழுவதற்கு ஆயத்தமாக்குகிறது. 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிட்ஷேவும் பவுலஸும் இந்த விளைவை முறையாக அளந்து காட்டினார்கள். சினிமாவில் காட்டுகிற "ஷாக்" வைத்தியம் இதுவல்ல. அது மனநோய்க்கு, மயக்க மருந்து கொடுத்து, வலிப்பை உண்டாக்கிச் செய்யும் வேறு சிகிச்சை.

பலன் என்ன?

2014-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் முடிவு ஒன்றை வெளியிட்டார்கள். மூளை அடிபட்டு உணர்வு குன்றிய 55 பேருக்கு, நெற்றியின் இடப்பக்க மேல்புறத்தில் ஒரே ஒரு முறை, 20 நிமிடம், அந்தச் சிறு மின்சாரத்தைக் கொடுத்தார்கள். சிற்றுணர்வு நிலையிலிருந்த 30 பேரில் 13 பேரிடம் மாற்றம் தெரிந்தது. சொன்னதைச் செய்வது, பொருளை அடையாளம் காண்பது போன்ற மாற்றம். விழித்தும் உணர்வற்ற 25 பேரில் 2 பேரிடம்தான் தெரிந்தது. அந்த மாற்றமும் நிலைத்து நிற்கவில்லை. சிறிது நேரத்தில் மங்கியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருமுறை உண்மையான மின்சாரம், ஒருமுறை பொய் மின்சாரம். எது உண்மை, எது பொய் என்று சோதிப்பவருக்கும் தெரியாது! ஏன் இந்தக் கட்டுப்பாடு? பாசம் கண்ணை ஏமாற்றும். புகழாசை டாக்டரையும் ஏமாற்றும். விபூதி பூசிய மறுநாள் விரல் அசைந்தால் "விபூதியால் அசைந்தது" என்பதற்கும், மின்சாரம் வைத்த மறுநாள் விரல் அசைந்தால் "மின்சாரத்தால் அசைந்தது" என்பதற்கும் என்ன வேற்றுமை? பொய்ச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வேற்றுமை தெரியும். பகுத்தறிவு என்பது இதுதான். பிறர் நம்பிக்கையைக் கேலி செய்வதோடு அது முடிந்துவிடுவதில்லை. தன் நம்பிக்கையையும் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும்.

அப்படி உரசியபோது என்ன ஆயிற்று? 2023-ல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து 62 நோயாளிகளுக்கு நாலு வாரம், 20 முறை கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. நாலாவது வார முடிவில், மொத்தமாகப் பார்த்தால், உண்மை மின்சாரத்துக்கும் பொய் மின்சாரத்துக்கும் வேற்றுமை தெரியவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, சிற்றுணர்வு நிலையில் இருந்தவர்களுக்கும், விபத்தால் அடிபட்டவர்களுக்கும் பலன் தென்பட்டது. ஆக, கதவு அடைபடவில்லை. முழுதும் திறக்கவும் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 25 வயது இளைஞன் ஒருவனுக்கு ஒலி அலையை மூளையின் ஆழத்தில் குவித்துப் பார்த்தார்கள். சில நாளில் அவன் தெளிந்தான். ஆனால் அது ஒரே ஒருவன் கதை. தானே தெளிந்தானா, ஒலியால் தெளிந்தானா என்று சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள்.

நம்மூர்க் கதை என்ன? 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேகப் சாண்டி, 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி, மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார்கள். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டர் தொழிலைத் தொடர்ந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் எழக் காரணமானார். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில், காந்தத்தாலும் மெல்லிய மின்சாரத்தாலும் மூளையைத் தூண்டும் முறைகளை மனநோய்களுக்குப் பயன்படுத்தியும் ஆராய்ந்தும் வருகிறார்கள். நமக்கு அறிவில்லாமல் இல்லை. கருவி தெரியாமல் இல்லை. அது குடிகாட்டுத் தொழிலாளியின் கட்டில்வரை வரவில்லை என்பதே குறை.

வியாபாரிகள் ஜாக்கிரதை!

1803-ல் லண்டனில் ஒரு காட்சி நடந்தது. தூக்கிலிடப்பட்ட ஃபாஸ்டர் என்பவனின் பிணத்துக்கு, இத்தாலியரான ஆல்டினி கூட்டத்தின் முன் மின்சாரம் பாய்ச்சினார். பிணத்தின் தாடை துடித்தது. ஒரு கண் திறந்தது. "உயிர் வந்தது!" என்று அலறினார்கள் சிலர். உயிர் வரவில்லை, தசை துடித்தது, அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை இன்றும் நடத்த ஆள் இருக்கிறார்கள். "மின்சாரம் வைத்தால் கோமா தெளியும், இருபது நாள் பாக்கேஜ்" என்று சொல்லிக் கேட்டால், தாலியை விற்றுக் கொடுக்கும் மனைவி நம் வீட்டில் இருக்கிறாள். தாயத்துக் கட்டும் தாயை நான் பழிக்கமாட்டேன். வேறு வழி காட்டாத நாம்தான் குற்றவாளிகள். அவள் கண்ணீரை விலைபேசும் வியாபாரி, காவி கட்டியிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, ஒரே ஆள்தான்!

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், உணர்வற்ற நிலையா, சிற்றுணர்வு நிலையா? எந்தச் சோதனை செய்து சொன்னீர்கள், எத்தனை முறை? இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் காசு ஏன்? தலைக்குள் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று பார்த்தீர்களா? மண்டையோட்டுத் துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்களே, எலும்பு இல்லாத இடத்தில் மின்சாரம் வேறு மாதிரி பாயுமே, அதற்கு என்ன ஏற்பாடு? நாணயமான டாக்டர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். மற்றவர் கோபிப்பார். ஆளை அடையாளம் காண அதுவே போதும்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். எந்தக் கருவியும் தனித்து வேலை செய்வதில்லை. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மூட்டு இறுகாமல் கை காலை மடக்கி நீட்டுவது, குழாய் வழியே சரியாக உணவு கொடுப்பது, பெயர் சொல்லிப் பேசுவது இவைதான் அடித்தளம். படுக்கைப் புண்ணும் சளிக் காய்ச்சலும் கொன்றுவிட்டால், எந்த மின்சாரம் யாரை எழுப்பும்? 2012-ல் 184 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலே, அமன்டடின் என்ற பழைய மாத்திரை நாலு வாரத்தில் தேறும் வேகத்தைக் கூட்டியது. இப்படி இருக்கிற வழிகளை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புதிய வழியைக் கேட்கவேண்டும்.

பராமரிப்பு என்றால் என்னவென்று உலகுக்குக் காட்டியவர்கள் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் நர்சுகள். அங்கே நர்சாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை சிதைந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அவரைக் கழுவித் துடைத்து உணவூட்டிக் காத்தவர்கள் அந்த நர்சுகளும் ஊழியர்களுமே. ஆனால் நம் வீடுகளில் அந்த நர்சு யார்? மனைவி, தாய், தங்கை. அவள் வேலைக்குப் போனால் கட்டில் காலி கவனிப்பாரின்றி. போகாவிட்டால் அடுப்பு காலி. ஒரு தலைக்காயம் ஒரு குடும்பத்தையே படுக்கவைக்கிறது.

49-ஆவது மணி நேரம்

2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம். விபத்தில் அடிபட்டவன் யாராயினும், எந்த மாநிலத்தானாயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பாராட்டுகிறோம்; நெஞ்சார!

பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: 49-ஆவது மணி நேரத்தில் என்ன? மூளை தேறுவது மணிக் கணக்கு அல்ல. மாதக் கணக்கு, சில சமயம் ஆண்டுக் கணக்கு. ஆகவே மாவட்டந்தோறும் தலைக்காயத்துக்கென்று ஒரு மறுவாழ்வு வார்டு வேண்டும். கடலூர் மாவட்டத்துக்கு அதை வைக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் நாட்கணக்கில் போராடியபின், 2021 ஜனவரியில் அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. போராடிப் பெற்ற அந்த இடத்தில், முறையான சோதனை, பயிற்சி, குடும்பத்தார்க்குக் கற்பித்தல், பொய்ச் சோதனையோடு ஒப்பிடும் நேர்மையான மூளைத் தூண்டல் ஆராய்ச்சி இவையெல்லாம் ஏன் நடக்கக்கூடாது? பெல்ஜியத்தான் மூளைக்குக் கிடைப்பது குடிகாட்டான் மூளைக்குக் கிடைக்கக்கூடாதா?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல். 1923-ன் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம் இரண்டும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டன. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு காட்டினால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்ற உரிமை ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 2010 திருத்தத்திலேயே கிடைத்தது. புதிய தொகுப்பிலும் அது உண்டு. இதை அறியாமல் எத்தனை குடும்பங்கள் "ரோட்டில்தானே அடிபட்டான்" என்று சும்மா இருந்துவிடுகின்றன! காண்டிராக்ட் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. எண் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அடிபட்ட நாளில் தேடினால் கிடைக்காது.

கடைசியாக, நம்மைப் பற்றி. கொடி கட்டிய மோட்டார் சைக்கிளில், நூறு பேர் ஊர்வலமாக, தலையில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு பறக்கிறோமே, அது வீரமா? ஹெல்மெட் அணிந்தவர்க்குச் சாவு 42 விழுக்காடும், தலைக்காயம் 69 விழுக்காடும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2008-லேயே எண்ணிக் காட்டிவிட்டார்கள். உடைந்த மூளையைத் தேற்ற உலக விஞ்ஞானம் முப்பது நாற்பது ஆண்டாய்த் தடவிக்கொண்டிருக்கிறது. உடையாமல் காக்கும் கருவியோ நம் வண்டியின் கைப்பிடியில் தொங்குகிறது! கழகத்துக்கு வேண்டியது உன் தலை தோழா, உன் படத்திறப்பு அல்ல.

அடுத்த ஊர்வலத்தில் ஹெல்மெட் இல்லாத வண்டிக்குக் கொடி கொடுக்காதீர்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் மறுவாழ்வு வார்டுக்குத் தீர்மானம் போடுங்கள். உங்கள் தெருவில் கண் திறந்தபடி பேச்சற்றுக் கிடக்கும் தோழன் இருந்தால், இன்று மாலையே போய், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவனுக்குக் கேட்கக்கூடும்.